பதினோரு நிமிடம்: ரிப்பீட்டரில் இடைவெளி இல்லாமல் போன ஒரு காலை

தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு நாள். திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி போகும் சாலையில், விடியாத நேரத்தில், பழனிக்குப் பாதயாத்திரை வந்த பெரியவர் ஒருவர் நடந்தபடியே தடுமாறி, சாலையோரம் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். மணி 5:38. பக்கத்தில் எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) குழுவைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி கையில் ஹேண்டியோடு, அதாவது கையடக்க ரேடியோவோடு, நின்றிருந்தார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விக்டர் யூனிஃபார்ம் த்ரீ, அதாவது VU3, என்று தொடங்கும் புது அழைப்புக்குறி, அலையில் அவருடைய அடையாளப் பெயர். யாத்திரைக் குழுவின் மருத்துவ வேன் 3 கிலோமீட்டர் முன்னால் போய்விட்டிருந்தது. அதிலும் எங்கள் ஆள் ஒருவர் ரேடியோவோடு இருந்தார்.

மாணவியின் செய்தி வேனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 5:49.

அந்தப் பதினோரு நிமிடம் எங்கே போனது என்று எழுதி வைப்பதற்காகத்தான் இது. யார் மேலும் பழி போட அல்ல. ரிப்பீட்டர், அதாவது குரலை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் பொது ரேடியோ நிலையம், வைத்திருக்கும் எந்த ஊர்க் குழுவுக்கும் இதே காலை வரலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு பெரும்பாலும் சமதரை. செம்மண், முந்திரி, யூகலிப்டஸ், நடுநடுவே குன்றக்குடி மாதிரி சின்னக் குன்றுகள். இப்படிப்பட்ட இடத்தில் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து 2 மீட்டர் பேண்டில் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை ஆண்டெனாவின் உயரம்தான் முடிவு செய்யும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோ தொடுவானம் கிடைக்கும். எங்கள் ரிப்பீட்டர் காரைக்குடிக்குப் பக்கத்தில் 30 மீட்டர் டவரில் இருக்கிறது. அதற்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. நெஞ்சு உயரத்தில், அதாவது ஒன்றரை மீட்டரில், ஹேண்டி பிடித்திருப்பவருக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 27 சொச்சம். மாணவி நின்ற இடம் ரிப்பீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். எல்லைக்கோட்டில் நின்று 5 வாட்டோடு, ரப்பர் ஆண்டெனாவோடு அழைத்திருக்கிறார்.

ரிப்பீட்டர் என்ன செய்கிறது என்பது தெரிந்ததுதான். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலைவரிசையில் அது பேசும், அதற்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே கேட்கும். கீழே கேட்டதை அந்தக் கணமே மேலே பலமாகத் திருப்பிச் சொல்லும். ஒரு நேரத்தில் ஒருவர் குரலைத்தான் அதனால் தூக்க முடியும். மாவட்டம் முழுக்க ஐம்பது பேர் ரேடியோ வைத்திருந்தாலும் வாசல் ஒன்றுதான்.

அன்றைக்கு அந்த வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தேவகோட்டைப் பக்கம் தன் வீட்டிலிருந்து பேசினார். நாற்பது வருட அனுபவம் உள்ள மூத்தவர், எங்களில் பாதிப் பேருக்குப் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இன்னொருவர் புதுக்கோட்டைக்கு வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். காரில் 50 வாட் ரேடியோ. ஆண்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் பற்றிப் பேச்சு. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் மொட்டை மாடியிலிருந்து கீழே வருவதற்குள் எவ்வளவு சிக்னல் போய்விடும், கொஞ்சம் தடிமனான கேபிள் போடலாமா என்பது விஷயம். நல்ல பேச்சுத்தான். இரண்டு பேரும் முறையாக அழைப்புக்குறி சொல்லியிருக்கிறார்கள். வியாபாரம் இல்லை, அரசியல் இல்லை, பாட்டு ஓடவில்லை. 1978ஆம் வருட அமெச்சூர் சேவை விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டதும் அதுதான். விதி மீறல் எதுவுமே இல்லாமல் இது நடந்தது.

எங்களில் ஒருவர் திருப்பத்தூரில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ரிப்பீட்டரின் வெளியீட்டை நாள் முழுக்கப் பதிவு செய்து வைப்பவர். அந்தப் பதிவும் மாணவியின் சின்ன நோட்டில் இருந்த நேரக்குறிப்பும் இல்லையென்றால் ஆளுக்கு ஒரு கதை சொல்லியிருப்போம். அவற்றை வைத்துப் பார்த்தால் நடந்தது இது.

5:38க்கு மாணவி பேசுவதற்கான பிடிடி பொத்தானை அமுக்கி "பிரேக், பிரேக்" என்றார். குறுக்கிட இடம் கேட்கும் சொல் அது. காரில் இருந்தவர் பேசிக்கொண்டிருந்த நேரம். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால் இரண்டு குரலும் கலந்து கேட்காது. சந்தைக்கடையில் இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் இரண்டும் காதில் விழும், இங்கே அப்படி இல்லை. பலமான சிக்னல் பலவீனமானதை முழுசாக விழுங்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால்தான் "கீங்ங்" என்று ஒரு சத்தமாவது வரும். இங்கே 5 வாட்டுக்கு 50 வாட், குட்டி ரப்பர் ஆண்டெனாவுக்குக் காரின் கூரை ஆண்டெனா. அந்தப் பெண் அழைத்தது யார் காதிலும் விழவில்லை. அழைத்தவருக்கும் அது விழவில்லை என்று தெரிய வழியில்லை, ஏனென்றால் அமுக்கிப் பேசும்போது கேட்க முடியாது.

அவர்கள் இருவரும் ஒருவர் விட்டதும் மற்றவர் உடனே அமுக்கினார்கள். பழகியவர்கள் பேசும்போது அப்படித்தான் வரும். ஒருவர் கையை எடுத்ததும் ரிப்பீட்டர் ஒரு விநாடிக்குள் "பீப்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தப் பீப் வருவதற்கு முன்பே அடுத்தவர் அமுக்கிவிட்டார். மாணவி ஒவ்வொரு முறையும் அந்த அரை விநாடிக்குள் நுழையப் பார்த்திருக்கிறார். ஹேண்டியை அமுக்கி, அது கிளம்பி, ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் போய், ரிப்பீட்டர் அதைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். நோட்டில் "5:39 முயற்சி, 5:39 முயற்சி, 5:40 முயற்சி" என்று மூன்று வரி இருக்கிறது. எழுத்து ஒன்றுக்கொன்று பெரிதாகிக்கொண்டே போகிறது.

5:41க்கு ஒரே ஒரு தரம் முழுசாக இடைவெளி விழுந்தது. பதிவில் பீப் தெளிவாகக் கேட்கிறது, அதற்குப் பிறகு நான்கு விநாடி வெறும் இரைச்சல். அந்த நான்கு விநாடியில் மாணவி ரேடியோவைக் கீழே வைத்திருந்தார். யாரோ ஒருவர் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்து, நல்ல எண்ணத்தில், சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றப் போயிருக்கிறார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அதைத் தடுத்து, பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண். பத்தொன்பது வயதில் அது பெரிய காரியம். ஆனால் இருந்த ஒரே வாசல் அந்த நேரத்தில் திறந்து மூடிக்கொண்டது.

போன் ஏன் போடவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். போட்டார்கள். அந்த இடத்தில் ஒரே கோடு சிக்னல், 108க்குப் போன அழைப்பு இரண்டு தரம் பாதியில் விழுந்தது.

இனி 5:44. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். யாராவது பிடிடியை அமுக்கியபடி மறந்துவிட்டாலோ, மைக் இருக்கை இடுக்கில் சிக்கிக்கொண்டாலோ டிரான்ஸ்மிட்டர் எரிந்துபோகாமல் இருக்க பெரும்பாலான ரிப்பீட்டர்களில் டைமர் உண்டு. எங்களுடையது 3 நிமிடம். பீப் வந்தபிறகுதான் அந்த டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பும். பீப்புக்கு முன்னால் அமுக்கிக்கொண்டே போனால், பேசுவது இரண்டு பேராக இருந்தாலும், ரிப்பீட்டரை இயக்கும் கண்ட்ரோலர் கணக்கில் அது ஒரே நீளப் பேச்சு. 5:41 பீப்பிலிருந்து மூன்று நிமிடம் ஓடி, 5:44க்கு ரிப்பீட்டர் வாயை மூடிக்கொண்டது.

அப்புறம்தான் மோசம். எங்கள் கண்ட்ரோலர் அப்படி மூடிக்கொண்டால், உள்ளீட்டில் தொடர்ந்து ஐந்து விநாடி அமைதி இருந்தால்தான் திரும்பத் திறக்கும். ரிப்பீட்டர் போச்சே என்று நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கமிருந்து பேரும் சொல்லாமல், அழைப்புக்குறியும் சொல்லாமல், பிடிடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். கெர்சங்க் என்று சொல்வோமே, அது. ஒவ்வொரு தட்டும் அந்த ஐந்து விநாடியை முதலிலிருந்து தொடங்க வைத்தது. மூன்று நிமிடம் இப்படிப் போனது. 5:47க்குத் திறந்ததும் கார்க்காரர் "சரி, வந்துருச்சு" என்று கேபிள் பேச்சைத் தொடர்ந்தார்.

யாத்திரைக்கு நெட் ஒன்று உண்டு, அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசும் கூட்டம். அதை நடத்தும் நெட் கண்ட்ரோல் நான். எங்கே இருந்தேன் என்று கேட்க வேண்டும், கேட்டார்கள். நெட் 6 மணிக்குத்தான் ஆரம்பம் என்று வைத்திருந்தேன். 5:30க்கே எழுந்து ஹேண்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு காப்பி போட இரண்டாம் கட்டுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடு கட்டினவர்கள் வெயிலை வெளியே நிறுத்தத்தான் இரண்டடிச் சுவரும் இரும்பு உத்திரமும் வைத்தார்கள். அது சிக்னலையும் வெளியே நிறுத்திவிடும். முற்றத்தில் நின்றால் முழுக் கோடும் வரும், நான்கு எட்டு உள்ளே போனால் ஒன்றும் இல்லை. இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். தெரிந்தும் போனேன்.

கடைசியில் பிடித்தது அந்தத் திருப்பத்தூர்க்காரர். ரிப்பீட்டர் திரும்பி வந்தபிறகு கார்க்காரர் குரலுக்கு அடியில் லேசாக ஒரு கரகரப்பு அவருக்குக் கேட்டிருக்கிறது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் ரேடியோவில் "ரிவர்ஸ்" பொத்தானை அமுக்கினார். அதாவது ரிப்பீட்டர் பேசும் அலைவரிசையை விட்டு, அது கேட்கும் அலைவரிசையில் நேரடியாகக் காது வைத்தார். கார் அவருக்குத் தொலைவில், மாணவி அவருக்குக் கிட்டே. கார்க்காரர் குரல் மறைந்து, அந்தப் பெண்ணின் குரல் தெளிவாக வந்தது. உடனே மறுபடியும் ரிப்பீட்டருக்கு மாறி, இடைவெளி பார்த்து, "எல்லாரும் நிறுத்துங்க, கீழே ஒரு அவசரம் இருக்கு" என்றார். வேனுக்குத் தகவலை அவர் வாயாலேயே கடத்திவிட்டார். 5:57க்கு வேன் திரும்பி வந்தது. பெரியவருக்குக் குளுக்கோஸ் ஏற்றி, அரை மணியில் கண் திறந்தார். மகன் காரில் வந்து ஊருக்கு அழைத்துப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் ஒரு நண்பர் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பதிவைப் போட்டுக் கேட்டோம். மூத்தவரும் வந்திருந்தார், கார்க்காரரும் வந்திருந்தார். 5:43ல் ஒரு இடம் வரும். கார்க்காரர் குரல்: "யாரோ சும்மா அமுக்கிப் பாக்குறாங்க, நீங்க சொல்லுங்கண்ணே." அதைக் கேட்டதும் அவர் கையை நீட்டி, இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டோம். மூன்றாவது தரமும் கேட்டார். அப்புறம் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையே பார்த்தபடி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மூத்தவர்தான், "தம்பி, நான்தான் உனக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தேன். விட்டுப் பேசணும்னு சொல்லிக்கொடுக்காம விட்டேன்" என்றார். அந்த மாணவியைப் பார்த்து, "உன் குரலை நான் கேட்டிருக்கணும்மா" என்றார். மாணவி "இல்லைங்கய்யா, நான் ஹேண்டியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கணும்" என்றார்.

பேசப்பேச ஒன்று தெளிவானது. எங்கள் பழக்கத்தில் "பிரேக்" என்ற சொல்லுக்கு மதிப்பே போய்விட்டது. பேச்சில் சேர்ந்துகொள்ள பிரேக், வணக்கம் சொல்ல பிரேக், கிரிக்கெட் ஸ்கோர் சொல்ல பிரேக். ஆகவே பிரேக் கேட்டாலும் "கொஞ்சம் நில்லுங்க, முடிச்சுட்டு விடறேன்" என்றே பழகிவிட்டோம். அன்று அது காதில் விழுந்திருந்தாலும் அரை நிமிடம் போயிருக்கும். இப்போது பேச்சில் சேர விரும்புகிறவர் இடைவெளியில் தன் அழைப்புக்குறியை மட்டும் சொல்கிறார், வேறு ஒன்றும் சொல்வதில்லை. அவசரத்துக்கு "அவசரம், அவசரம்" என்ற தமிழ்ச் சொல்லும் அழைப்புக்குறியும் இடமும். அதைக் கேட்டவர் யாராக இருந்தாலும் வாக்கியத்தின் நடுவிலேயே கையை எடுக்க வேண்டும். அவசரக்காரரோடு யார் பேசுவது என்பதை நெட் கண்ட்ரோல் சொல்வார். அவர் இல்லையென்றால் நன்றாகக் கேட்கிற ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் உதவி செய்கிறேன் என்று உள்ளே வரக்கூடாது.

இடைவெளிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மூத்தவர் ஒரு வழி சொன்னார்: பீப் கேட்டபிறகு மனதுக்குள் தன் அழைப்புக்குறியை ஒரு தரம் சொல்லிவிட்டு அப்புறம் அமுக்குவது. இரண்டு விநாடி ஆகும். முதல் வாரம் பேச்சு நொண்டுகிற மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. பலவீனமான ஸ்டேஷனுக்கு அந்த இரண்டு விநாடிதான் கதவு.

டைமரை 3 நிமிடத்திலிருந்து 90 விநாடியாக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டைமர் இருப்பது டிரான்ஸ்மிட்டரைக் காப்பாற்ற, ஆளுக்குப் பழக்கம் சொல்லித்தர அல்ல. சுருக்கினால் இன்னும் அடிக்கடி மூடும், அன்று எங்களுக்கு நேர்ந்த அதே குழப்பம் இன்னும் அடிக்கடி வரும். கடைசியில் 2 நிமிடம் என்று முடிவானது, மூடினால் திறக்க வேண்டிய அமைதியை ஒரு விநாடியாகக் குறைத்தோம். இந்த இரண்டாவது மாற்றம்தான் உண்மையில் பயன்படும் என்பது என் எண்ணம்.

சும்மா தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ரிப்பீட்டர் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அழைப்புக்குறி சொல்லி "டெஸ்ட்" என்று ஒரு வார்த்தை. பேர் சொல்லாமல் அலையில் ஏறுவதை விதியும் அனுமதிக்கவில்லை. அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் விளங்க வைத்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கிற இரண்டு பேர் ரிப்பீட்டரில் பேசத் தேவையில்லை என்பதும் பழைய வழக்கம்தான், காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. இப்போது ரிவர்ஸில் எதிர் ஸ்டேஷன் நேரடியாகக் கேட்டால் சிம்ப்ளெக்ஸுக்கு, அதாவது ரிப்பீட்டர் இல்லாத நேரடிப் பேச்சுக்கு, போய்விடுகிறோம். இதில் பேட்டரிக் கணக்கும் உண்டு. 25 வாட்டில் ரிப்பீட்டர் பேசும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் பயமில்லாமல் எடுக்கலாம். கரண்ட் போன நாளில் மொத்தமே எட்டு மணி நேரப் பேச்சுத்தான் இருக்கிறது. புயல் இரவில் அதை எதற்குச் செலவழிப்பது என்பதைக் கஜா வந்த 2018 நவம்பருக்குப் பிறகு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சிம்ப்ளெக்ஸ் விஷயத்தில் பெரிய பிழை என்னுடையது. யாத்திரைக்கு முன் நான் கொடுத்த குறிப்பில் "அனைவரும் ரிப்பீட்டரிலேயே இருக்கவும்" என்று எழுதியிருந்தேன். மாணவிக்கும் வேனுக்கும் இடையே 3 கிலோமீட்டர்தான். ஒன்றரை மீட்டர் உயர ஹேண்டிக்கும் இரண்டு மீட்டர் உயர வேன் ஆண்டெனாவுக்கும் அதே கணக்கைப் போட்டால் 10 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ரிப்பீட்டரே இல்லாமல் முதல் நிமிடத்திலேயே பேசியிருக்கலாம். மாற்று அலைவரிசை ஒன்றை நான் எழுதிக் கொடுக்கவில்லை, புதியவர் தானாக வேறு எங்கும் போகத் துணியவில்லை. சொன்ன இடத்தில் நின்றார். இப்போது குறிப்பின் முதல் வரியே சிம்ப்ளெக்ஸ் அலைவரிசைதான். நெட்டும் யாத்திரை நகர ஆரம்பிக்கும் நேரத்துக்கே தொடங்குகிறது. நெட் கண்ட்ரோலுக்கு ஒரு மாற்று ஆளும் உண்டு.

பழைய டிவிக்குப் போடும் தட்டை ஒயர் இருக்கிறதே, 300 ஓம், அதில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஜே-போல் ஆண்டெனா செய்து சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். நடைக்குழுவில் போகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று செய்து கொடுத்தோம். நிற்கிற இடத்தில் புளியங்கிளையில் ஒரு கயிறு போட்டு ஏற்றினால் அதே 5 வாட் வேறு ரேடியோ மாதிரி பேசும்.

பெரிய கூட்டத்தில் ஹாம்கள் உதவுவது புதிதல்ல. கங்காசாகர் மேளாவில் காணாமல் போனவர்களைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையை மேற்கு வங்க ஹாம்கள் செய்துவருகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பாரதி பிரசாத் என்ற ஹாம், அழைப்புக்குறி விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ பிராவோ இந்தியா, போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஒரு தொடர்பு கிடைக்காதா என்று உலகமெங்கும் ஹாம்கள் அவரை அழைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. சுனாமி வந்ததும் அந்த ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அதே ஸ்டேஷனில் அவசரச் செய்திகளைக் கையாண்டார். எங்கள் பட்டாலைக் கூட்டத்தில் மூத்தவர் இதைத்தான் மாணவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் யாத்திரையில் காலை நெட்டை நடத்தியது அந்த மாணவிதான், முற்றத்தில் அல்ல, மொட்டை மாடியில் உட்கார்ந்து. புதுக்கோட்டைக்குப் போகிற கார் வழக்கம்போல 5:40க்கு வந்தது. அழைப்புக்குறி சொன்னார், நெட் நடக்கிறதா என்று கேட்டார், "ஆமாங்கண்ணே" என்றதும் விடைபெற்றுச் சிம்ப்ளெக்ஸுக்குப் போனார்.

தீராதது ஒன்று பாக்கி இருக்கிறது. சிங்கம்புணரி தாண்டி நத்தம் பக்கம் நடைபோகும்போது மலை குறுக்கே வருகிறது, தொடுவானமும் முடிந்துவிடுகிறது. அங்கே எங்கள் ரிப்பீட்டர் எட்டாது. அந்த வழியில் உயரமான இடத்தில் ஒரு காரை நிறுத்தி, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் வாயால் சொல்ல ஒருவர் வேண்டும். அடுத்த தைக்கு மூத்தவர் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு நல்ல கேபிளாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறார்.